கிளம்ப மனமில்லாத நாயகன்: ‘தி ஹாபிட்’ நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு டிராகன் சாவது உட்பட எல்லாம் வந்துவிடும்.

இது என்ன கதை?

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதி 1937 செப்டம்பர் 21 அன்று லண்டனில் வெளியான நாவல். முதல் அச்சு 1,500 பிரதிகள்; அந்த ஆண்டு டிசம்பருக்குள்ளேயே விற்றுத் தீர்ந்தன. மொத்தம் 19 அத்தியாயங்கள். வரைபடங்களையும் ஓவியங்களையும் டோல்கீனே வரைந்தார்.

நாயகன் பில்போ பேகின்ஸ் ஒரு ஹாபிட். மனிதரில் பாதி உயரம், தாடி கிடையாது, பாதத்தில் அடர்ந்த முடி, அதனால் காலணி தேவையில்லை. வயது ஐம்பது. சொந்த வீடு, நிறைந்த சரக்கறை, நேரத்துக்குச் சாப்பாடு என்று இருப்பவர். ஒரு நாள் காண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் ஏற்பாட்டில் 13 குள்ளர்கள் அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்து இறங்குகிறார்கள். கிழக்கே தொலைவில் தனிமலை என்று ஒன்று. அங்கே இருந்த அவர்களின் முன்னோர் அரசையும் புதையலையும் ஸ்மாக் என்ற டிராகன் பிடுங்கிக்கொண்டுவிட்டது. அதை மீட்கப் போகிற கூட்டத்துக்கு ஒரு திருடன் வேண்டும். அந்த வேலைக்குக் காண்டால்ஃப் பில்போவைச் சொல்லியிருக்கிறார். பில்போவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எத்தனை வயதிலிருந்து படிக்கலாம்?

பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கையெழுத்துப் பிரதியைத் தன் 10 வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். அவன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான், ஒரு ஷில்லிங் கூலியும் வாங்கிக்கொண்டான். ஆகவே பத்து வயதுப் பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். ஆங்கில மூலத்தைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டுகளும் விடுகதைகளும் கொஞ்சம் கடினமாக இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பாதிக் கடினம் குறைந்துவிடும். எட்டாம் அத்தியாயத்துச் சிலந்திகளை இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைக்குத் தூங்கப் போகும் நேரத்தில் படித்துக் காட்ட வேண்டாம்.

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதலில் படிக்க வேண்டுமா, இதுவா?

இதுதான் முதலில். அது டோல்கீன் பின்னால் எழுதிய நாவல். எழுதப்பட்ட வரிசையும் கதை நடக்கும் வரிசையும் இதுவே. அந்தப் பெரிய நாவலின் சுமையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் இதன் சிரிப்பு காதில் விழாது.

பில்போ முதலில் மறுத்தாரே, பிறகு ஏன் போனார்?

பல வாசகர்கள் இந்த இடத்தைத் தவறாக நினைவு வைத்திருக்கிறார்கள். ‘மந்திரவாதி வற்புறுத்தினார், போனார்’ என்பார்கள். நாவலில் நடப்பது அப்படி இல்லை.

குள்ளர்களின் தலைவர் தோரின் தன் உரையில் ‘திரும்பி வராமலும் போகலாம்’ என்று சொல்லும்போது பில்போ அலறிக்கொண்டு தரையில் விழுந்து நடுங்குகிறார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் வேறு அறையில் படுக்க வைக்கிறார்கள். கொஞ்சம் தெளிந்து எழுந்து கதவருகே வரும்போது குளோயின் என்ற குள்ளர் உள்ளே பேசுவது காதில் விழுகிறது: இந்த ஆள் திருடன் மாதிரியா இருக்கிறான், மளிகைக் கடைக்காரன் மாதிரி அல்லவா இருக்கிறான்! அந்தப் பேச்சுதான் சுருக்கென்று தைக்கிறது. படுக்கையும் காலை உணவும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, தன்னை முரடன் என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்ற ரோஷத்தோடு உள்ளே போய், என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் என்கிறார்.

மறுநாள் காலை அந்த ரோஷம் போய்விடுகிறது. வீடு காலி, போய்த் தொலைந்தார்கள் என்று நிம்மதியாக இரண்டாவது முறை காலை உணவுக்கு உட்காருகிறார். அப்போது காண்டால்ஃப் வந்து, கடிகாரத்தின் அடியில் வைத்திருந்த கடிதத்தைக் காட்டுகிறார். பதினொரு மணிக்கு பைவாட்டர் ஊரின் பச்சை டிராகன் விடுதியில் இருக்க வேண்டும், கையில் பத்தே நிமிடம். தொப்பி இல்லை, கைத்தடி இல்லை, பணம் இல்லை, கைக்குட்டைகூட இல்லை. ஒரு மைலுக்கு மேல் ஓடுகிறார். எப்படி வீட்டை விட்டு வெளியே வந்தோம் என்பது கடைசி வரை அவருக்கே நினைவில்லை. கைக்குட்டைகளையும் புகைக்குழாயையும் காண்டால்ஃப் பின்னால் கொண்டுவந்து சேர்க்கிறார்.

ஆக, இரவில் ரோஷம், காலையில் அவசரம். தீர யோசித்து எடுத்த முடிவு என்று எதுவும் இல்லை. டோல்கீன் இதற்குக் குடும்பக் காரணம் ஒன்றும் வைக்கிறார்: தந்தை வழி பேகின்ஸ், மதிப்பும் ஒழுங்கும் உள்ள குடும்பம், தாய் பெல்லடோனா டூக் பிறந்த வீட்டிலோ அவ்வப்போது யாராவது சாகசம் தேடிக் கிளம்பிவிடுவார்கள். தயக்கமும் ஆசையும் ஒரே உடம்பில் இருப்பதற்கு இது ஒரு சாக்கு, அவ்வளவுதான். கதையை நகர்த்துவது குளோயினின் வாய்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

வேலை முடிந்ததும் பணம். மொத்த லாபத்தில், லாபம் என்று ஒன்று இருந்தால், பதினான்கில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் கிடையாது. பயணச் செலவு எப்படியும் அவர்களுடையது. ஈமச் செலவும் அவர்களுடையது, அதற்குத் தேவை ஏற்பட்டு, வேறு வழியில் அந்த விஷயம் தீர்ந்துவிடாமல் இருந்தால். வேறு வழி என்றால் ஏதாவது ஒன்றின் வயிற்றுக்குள் போவது.

நாவலில் பில்போ எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கடிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிறார். இந்தப் பதினான்கில் ஒன்றை நினைவில் வையுங்கள், 16ஆம் அத்தியாயத்தில் திரும்ப வரும்.

டிராகனிடம் போக வீரன் அல்லவா வேண்டும்? ஏன் திருடன்?

வீரன் கிடைக்கவில்லை என்று காண்டால்ஃப் வெளிப்படையாகவே சொல்கிறார். அந்தப் பக்கத்தில் வாள்கள் மழுங்கிவிட்டன, கோடரி மரம் வெட்டத்தான், கேடயம் தொட்டிலுக்கோ பாத்திரத்துக்கு மூடியாகவோ பயன்படுகிறது. மலையின் முன்வாசல் வழியே போனால் நேரே டிராகனின் வாய். ஆனால் தோரினின் பாட்டனார் வைத்திருந்த வரைபடத்தில் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது. ஐந்தடி உயரம், மூன்று பேர் பக்கம் பக்கமாக நடக்கலாம். ஸ்மாக் அதற்குள் நுழைய முடியாது. சின்ன வழி, சத்தமில்லாத கால், டிராகனுக்குப் பழக்கமில்லாத வாசனை. கூடவே இன்னொரு காரணமும் உண்டு: 13 என்ற ராசியில்லாத எண்ணோடு கிளம்பக் குள்ளர்களுக்கு மனமில்லை.

பயணம் எவ்வளவு காலம், எந்த வழி?

ஏப்ரல் கடைசியில் கிளம்பி, அடுத்த ஆண்டு ஜூன் 22 அன்று திரும்புகிறார். ஏறத்தாழ 14 மாதம். கோடை நடுவில் எல்ஃப் என்ற தொல்லினத்தார் வாழும் ரிவெண்டெல், அங்கிருந்து மூடுபனி மலைத்தொடர், அடியில் கோப்ளின் என்ற கொடிய பூதங்களின் சுரங்கங்கள், பேயோர்ன் என்பவரின் வீடு, மிர்க்வுட் காடு, காட்டு எல்ஃப்களின் சிறை, ஆற்றில் பீப்பாய்ப் பயணம், ஏரியூர், இலையுதிர் காலத்தில் தனிமலை. திரும்பும் வழியில் குளிர்காலத்தைப் பேயோர்ன் வீட்டில் கழித்துவிட்டு மே 1 அன்று மறுபடி ரிவெண்டெல். புத்தகத்தின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரைபடங்களையும் விரலால் தொடர்ந்துகொண்டே படியுங்கள், குழப்பம் வராது.

பயணத்தில் அடிக்கடி தவறு நடப்பது ஏன்?

பசி. அல்லது மழை. பெரும்பாலும் இரண்டும். இதைக் கவனித்துப் படித்தால் நாவலின் நுணுக்கம் தெரியும்.

டிரால் என்ற ராட்சதர்களிடம் மாட்டிக்கொண்ட இரவில், சாப்பாட்டு மூட்டை சுமந்த குதிரை ஆற்றில் விழுகிறது. பெரும்பகுதி உணவு போய்விடுகிறது. மழையில் நெருப்பும் பற்றவில்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம். திருடனைப் பார்த்துவர அனுப்புகிறார்கள். டிரால்கள் ஆட்டுக்கறி சுடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் போதும். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு வில்லியம் என்ற டிராலின் பையில் கைவிடுகிறார். அந்தப் பணப்பை வாய் திறந்து பேசுகிறது! இங்கும் ரோஷம்தான் காலை வாருகிறது.

மலையில் புயல். ஒதுங்க இடம் தேடி, சரியாகச் சோதிக்காமல் ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். பின்சுவர் பிளந்து கோப்ளின்கள் வருகிறார்கள். மிர்க்வுட்டில் பேயோர்ன் சொல்லி அனுப்பியது இரண்டு விஷயம்: கருப்பு ஓடையைத் தொடாதே, பாதையை விட்டு விலகாதே. பாம்பர் என்ற குள்ளர் தவறி ஓடையில் விழுந்து நாள் கணக்கில் தூங்குகிறார். மற்றவர்கள் அவரைச் சுமக்க வேண்டியதாகிறது. அவர் விழித்து விருந்துக் கனவு கண்டதாகச் சொல்கிறார். பட்டினி கிடந்தவர்களுக்குக் காட்டில் உண்மையாகவே விருந்து வெளிச்சம் தெரிந்தால் பாதையில் யார் நிற்பார்கள்? விலகுகிறார்கள். அடுத்து சிலந்திகள்.

இதற்குச் சற்று முன்னால் நடப்பதை அவசரமாகப் படிப்பவர்கள் தவறவிடுவார்கள். காடு எங்கே முடிகிறது என்று பார்க்க பில்போ மரத்தின் உச்சிக்கு ஏறுகிறார். எந்தப் பக்கமும் முடிவே தெரியவில்லை, மனம் உடைந்து இறங்குகிறார். ஆனால் அவர் ஏறிய மரம் ஒரு பள்ளத்தின் அடியில் நின்றது; காட்டின் விளிம்பு உண்மையில் தொலைவில் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, பார்வையும் சரிதான், நின்ற இடம் தவறு.

பில்போ எந்த இடத்தில் வீரனாக மாறுகிறார்?

‘சிலந்தியைக் கொன்றபோது’ என்பது வழக்கமான பதில். பாதிதான் சரி. இருட்டில், யார் துணையும் இல்லாமல், தன்னைக் கட்டத் தொடங்கிய சிலந்தியைக் கொன்ற பிறகுதான் தன் குறுவாளுக்கு ‘ஸ்டிங்’ என்று பெயர் வைக்கிறார். தன்னைப் பற்றிய நினைப்பு அங்கே மாறுகிறது. ஆனால் அதற்கு முன்பே, ஆறாம் அத்தியாயத்தில், சத்தமில்லாமல் ஒன்று நடந்துவிடுகிறது. கோப்ளின் சுரங்கத்திலிருந்து தனியாகத் தப்பி வெளியே வந்துவிட்டார். கையில் சுரங்கத்தில் கிடைத்த மாய மோதிரம், மாட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்; முன்னால் சூரிய வெளிச்சம். நண்பர்கள் உள்ளேயே இருக்கலாம், திரும்பிப் போய்த் தேடுவது தன் கடமை என்று வேதனையோடு முடிவெடுக்கிறார். அந்தக் கணத்தில் அவர்களின் குரல் கேட்கிறது. அங்கே குள்ளர்கள் எதிர்ப்பக்கம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்: அவனுக்காகத் திரும்பிப் போக வேண்டுமா என்ன?

முடிவெடுத்தார், செயல்படுத்தும் அவசியம் வரவில்லை. அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை. டோல்கீன் பில்போவின் துணிச்சலைத் திரும்பத் திரும்ப இப்படித்தான் சாட்சி இல்லாத இடத்தில் வைக்கிறார்.

உச்சம் 12ஆம் அத்தியாயத்துச் சுரங்கப்பாதை. பாலின் என்ற குள்ளர் கொஞ்ச தூரம் கூட வந்து நின்றுவிடுகிறார். கீழே சிவந்த வெளிச்சம், கொதிக்கும் பானை மாதிரி ஒரு சத்தம். தூங்கும் டிராகனின் குறட்டை. பில்போ நின்றுவிடுகிறார். பிறகு அடுத்த அடி எடுத்து வைக்கிறார். அவர் செய்ததிலேயே துணிச்சலான செயல் அதுதான், பிறகு நடந்த பெரிய காரியங்கள் அதற்கு ஈடாகா, உண்மையான போரை டிராகனைக் காண்பதற்கு முன்பே அவர் தனியாக நடத்தி முடித்துவிட்டார் என்று நாவலே சொல்கிறது. டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல், சோம் போர்க்களத்தில் இருந்தவர். இருட்டில் ஒருவன் நின்று, மறுபடி நடப்பதன் எடை அவருக்குத் தெரியும்.

பயம் மட்டும் போவதே இல்லை. அடுப்படியையும் பாடும் கெட்டிலையும் நினைத்து ஏங்குவது கடைசி வரை தொடர்கிறது. தயங்குகிறவர் துணிந்தவராக மாறிவிட்டார் என்பதைவிட, தயக்கத்தோடேயே நடக்கக் கற்றுக்கொண்டார் என்பதே பொருத்தம்.

விடுகதைப் போட்டியில் பில்போ ஏமாற்றினாரா?

விதிப்படி பார்த்தால் ஆம். சுரங்கத்தின் அடியில், இருட்டு ஏரிக்கரையில், கோல்லம் என்ற பிராணியுடன் நடக்கும் போட்டி அது. பில்போ வென்றால் கோல்லம் வெளியேறும் வழி காட்ட வேண்டும், தோற்றால் கோல்லத்துக்கு உணவு. மலை, காற்று, இருள், மீன், காலம் ஆகியவை கோல்லத்தின் விடைகள். பல், முட்டை முதலியவை பில்போவுடையவை. ‘காலம்’ என்ற விடையை பில்போ கண்டுபிடிக்கவே இல்லை. இன்னும் நேரம் கொடு என்று கேட்க வாயெடுத்து, பதற்றத்தில் ‘நேரம்’ என்ற சொல் மட்டும் வெளியே வர, அதுவே விடையாகிவிட்டது. கடைசியில் பையில் கையை விட்டுக்கொண்டு, என் பையில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டதைக் கோல்லம் அடுத்த கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. அது விடுகதை அல்ல என்று நாவலே ஒத்துக்கொள்கிறது. ஆனால் கோல்லம் மூன்று வாய்ப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு விளையாடியதால் ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும்.

பலருக்குத் தெரியாத செய்தி: 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த அத்தியாயமே வேறு. அதில் கோல்லம் பந்தயமாக வைப்பது மோதிரத்தை. தோற்றதும் கொடுக்க மனதார விரும்பித் தேடுகிறது, காணவில்லை, மன்னிப்புக் கேட்டு, பதிலாக வழி காட்டுகிறது. மோதிரம் ஏற்கெனவே பில்போவின் பையில். அடுத்த பெரிய நாவலில் அந்த மோதிரத்துக்குக் கொடிய வரலாறு உண்டான பிறகு, கோல்லம் அதை இவ்வளவு எளிதாகக் கொடுக்க முன்வருவது பொருந்தவில்லை. 1951 பதிப்பில் டோல்கீன் மாற்றி எழுதினார். பழைய வடிவம், பில்போ நண்பர்களிடம் சொன்ன பொய் என்று பின்னால் கணக்குத் தீர்த்தார். அசட்டுச் சமாளிப்பாகப் போயிருக்க வேண்டியது, பாத்திரத்துக்கு ஆழம் சேர்த்துவிட்டது.

அந்த மாற்றத்தால் கிடைத்ததுதான், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ வாளை ஓங்காமல், நிராயுதபாணியான கோல்லத்தின் துயரத்தை நினைத்து இரங்கி, அதன் தலைக்கு மேல் தாண்டிக் குதிக்கும் இடம்.

மோதிரம்தானே எல்லாவற்றையும் செய்கிறது?

மறைந்துகொள்ள மட்டுமே அது உதவுகிறது. குள்ளர்கள் அடைபட்டிருந்த எல்ஃப் அரசனின் சிறையில் வாரக் கணக்கில் மறைந்து திரிந்து, 13 அறைகளையும் கண்டுபிடித்து, சரக்கறைத் தலைவனும் காவலர் தலைவனும் குடித்துவிட்டுக் கிடக்கும் நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, ஏரியூருக்குத் திரும்பும் காலிப் பீப்பாய்களில் 13 பேரை அடைத்து அனுப்பியது பில்போவின் மூளை. அந்தத் திட்டத்தின் ஓட்டை கடைசி நிமிடத்தில்தான் அவருக்கே உறைக்கிறது: தன்னை யார் பீப்பாய்க்குள் வைத்து மூடுவார்கள்? ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி குளிர்ந்த ஆற்றில் போகிறார். சளி பிடிக்கிறது. ஏரியூர் விருந்துகளில் மூக்கடைத்த குரலில் நன்றி சொல்வதோடு சரி.

ரகசியக் கதவு எப்படித் திறக்கிறது?

ரிவெண்டெலில் அதன் தலைவர் எல்ரண்ட் வரைபடத்தை நிலவொளியில் பிடித்துப் பார்க்கும்போது மறைந்திருந்த நிலா எழுத்துகள் தெரிகின்றன. அவை எழுதப்பட்ட அதே பருவத்து, அதே வடிவ நிலாவில் மட்டுமே தெரியும். சாம்பல் நிறக் கல்லருகே நில், த்ரஷ் பறவை தட்டும்போது, துரின் நாளின் கடைசி வெயில் சாவித்துளையில் விழும் என்பது செய்தி. துரின் நாள் குள்ளர்களின் புத்தாண்டு: இலையுதிர் காலத்தின் கடைசி நிலாவும் சூரியனும் ஒன்றாக வானத்தில் இருக்கும் நாள். அதை முன்கூட்டிக் கணிக்கும் திறமை தங்களிடம் இப்போது இல்லை என்று தோரின் ஒத்துக்கொள்கிறார். தற்செயலாகவே அந்த நாளில் வாசற்படியில் இருக்கிறார்கள். கல்லில் நத்தையைத் தட்டி உடைக்கும் பறவையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது பில்போ ஒருவருக்குத்தான்.

டிராகனை நாயகன் கொல்லவில்லையே, இது குறை இல்லையா?

14ஆம் அத்தியாயத்தில் ஏரியூரின் வில்லாளி பார்ட் கருப்பு அம்பால் கொல்கிறார். அப்போது பில்போ மலைக்குள் இருக்கிறார், செத்துப்போனது தெரியவும் தெரியாது.

ஆனால் அந்த அம்பு எங்கே போக வேண்டும் என்ற தகவல் பில்போவுடையது. இரண்டாவது முறை இறங்கிப் போனபோது ஸ்மாக்கைப் புகழ்ந்து பேசி மல்லாக்கச் செய்கிறார். இடது மார்பில் ரத்தினக் கவசம் இல்லாத ஓர் இடம் தெரிகிறது. வெளியே வந்து அதைச் சொல்லும்போது த்ரஷ் பறவை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒட்டுக்கேட்கிறதோ என்று சந்தேகப்பட்டு பில்போ அதன் மேல் கல்லெறிகிறார்! அந்தப் பறவைதான் பார்ட்டின் காதில் போய்ச் சொல்கிறது.

அதே உரையாடலில் ஒரு பெரும் பிழையும் செய்கிறார். டிராகனிடம் உண்மைப் பெயரைச் சொல்லக் கூடாது, பேசாமலும் இருக்கக் கூடாது என்று புதிர்ப்பெயர்களாக அடுக்கிக்கொண்டே போகும் உற்சாகத்தில் ‘பீப்பாய் சவாரிக்காரன்’ என்றும் சொல்லிவிடுகிறார். ஏரியூர்க்காரர்கள்தான் பீப்பாய் வணிகம் செய்பவர்கள். ஸ்மாக் அந்த ஊரை எரிக்கப் பறக்கிறது. ஊரின் அழிவுக்கும் டிராகனின் அழிவுக்கும் ஒரே நாக்குதான் காரணம். டிராகனை வாளால் கொன்றிருந்தால் இந்தச் சிக்கல் கிடைத்திருக்காது.

ஆர்க்கன்ஸ்டோனை எதிரிக்குக் கொடுத்தது துரோகமா?

வாசகர்கள் அதிகம் சண்டை போடும் கேள்வி இது.

ஆர்க்கன்ஸ்டோன் தோரின் குலத்தின் உயிர்க்கல். குவியலில் அதை முதலில் பார்த்த பில்போ எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். இப்போதுதான் உண்மையிலேயே திருடன் ஆனேன் என்று நினைக்கவும் செய்கிறார். ஊர் எரிந்த மக்களும் எல்ஃப்களும் நியாயமான பங்கு கேட்டு மலையை முற்றுகையிடுகிறார்கள். தோரின் ஒரு காசு தர மாட்டேன் என்கிறார். உள்ளே பட்டினி, வெளியே படை.

பாம்பரின் காவல் முறையைத் தான் ஏற்றுக்கொண்டு, இரவில் கயிற்றில் இறங்கி, கல்லைப் பார்ட்டிடமும் எல்ஃப் அரசனிடமும் ஒப்படைக்கிறார். பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். உரிமை என்ன என்ற கேள்வி வரும் என்று தெரிந்து, கடிகாரத்தின் அடியில் கிடைத்த அந்தக் கடிதத்தைக் கசங்கிய நிலையில் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். பதினான்கில் ஒன்று என் பங்கு, அதில் இதைக் கழித்துக்கொள்ளலாம்.

சட்டப்படி இது நிற்காது. பங்கு தருவதாகச் சொன்னார்களே தவிர, குலச்சின்னத்தை அவராகவே எடுத்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை. கேட்காமல் எடுத்தார், மறைத்தார், எதிர்த்தரப்பிடம் கொடுத்தார். மூன்றும் தவறுதான். துரோகம் என்ற சொல் நிற்காமல் போவது அடுத்து நடப்பதால். எல்ஃப் அரசன் இங்கேயே பாதுகாப்பாக இருந்துவிடு என்கிறார். நள்ளிரவில் பாம்பரை எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று பில்போ கயிற்றில் ஏறி மலைக்குத் திரும்பிப் போகிறார். தோரின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே போகிறார். அகப்பட்டதும், நான்தான் கொடுத்தேன் என்று ஒத்துக்கொள்கிறார். தோரின் அவரைப் பாறையிலிருந்து வீசப் போகும்போது காண்டால்ஃப் வெளிப்பட்டுத் தடுக்கிறார். துரோகி திரும்பி வருவதில்லை.

தயக்கக்காரர் ஏன் இந்தக் கதைக்குத் தேவை என்பதும் இங்கேதான் தெரியும். புதையலுக்காகவே வந்தவர் எவராலும் அந்தக் கல்லைக் கையிலிருந்து விட முடியாது. முதல் நாளிலிருந்தே வீட்டுக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவரால் முடிந்தது, அவரும் ஒரு நடுக்கத்தோடுதான் கொடுக்கிறார்.

ஐந்து படைகளின் போரில் பில்போ என்ன செய்தார்?

முற்றுகை நடக்கும்போதே கோப்ளின்கள் படையெடுத்து வந்ததால் மூண்ட போர் அது. பில்போ மோதிரத்தை மாட்டிக்கொண்டு எல்ஃப் அரசன் பக்கம் நின்றார். கழுகுகள் வருவதைப் பார்த்துக் கத்தினார். தலையில் கல் விழுந்து மயங்கினார். மீதிப் போர் அவருக்கும் நமக்கும் கேள்விப்பட்ட செய்திதான். தோரினும் அவர் தங்கை மகன்கள் ஃபீலி, கீலியும் இறந்தார்கள். தோரின் சாகும் முன் பில்போவிடம் பழைய சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்.

கடைசியில் கைக்கு என்ன வந்தது?

இரண்டு சிறிய பெட்டிகள், ஒன்றில் தங்கம், ஒன்றில் வெள்ளி. ஒரு குதிரை சுமக்கும் அளவு. வழியில் புதைத்து வைத்திருந்த டிரால்களின் தங்கத்திலும் கொஞ்சம். பதினான்கில் ஒரு பங்கை வீடுவரை எப்படித் தூக்கிப் போவாய் என்று ஸ்மாக் கேட்ட கேள்விக்கு அவர் கண்ட விடை இது.

ஊருக்கு வந்தால், இறந்துவிட்டதாகக் கருதி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொந்த நாற்காலிகளை விலை கொடுத்து மீட்கிறார். வெள்ளிக் கரண்டிகள் பல திரும்பவே இல்லை. மதிப்பான ஆள் என்ற பெயர் ஊரில் போனது போனதுதான், டூக் வீட்டு இளசுகளைத் தவிர.

புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பெல் சொன்ன ‘நாயகன் பயணம்’ வார்ப்பில் இது பொருந்துமா?

அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, பாதாளம், திரும்புதல் என்று மேலோட்டமாகப் பொருந்தும். ஆனால் கேம்பெலின் நூல் 1949இல் வந்தது, இது 1937. டோல்கீன் அதைப் பார்த்து எழுதவில்லை. பொருந்தாத இடங்களே சுவையானவை: டிராகன் இறந்த பிறகும் ஐந்து அத்தியாயங்கள் மிச்சம், நாயகன் பரிசை விட்டுக்கொடுக்கிறார், ஊர் வரவேற்கவில்லை. பரீட்சைக்கு எழுதுபவர்கள் இந்த மூன்றையும் எழுதினால் கட்டுரை பிழைக்கும்.

டோல்கீன் எங்கிருந்து எடுத்தார்?

ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர் அவர். ‘பேயோவுல்ஃப்’ காவியத்தில் ஒரு திருடன் டிராகனின் குவியலிலிருந்து கோப்பை ஒன்றை எடுக்கிறான், டிராகன் விழித்து ஊரை எரிக்கிறது. பில்போ முதல் முறை எடுத்து வருவதும் ஒரு கோப்பைதான். குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவையும் காண்டால்ஃப் என்ற பெயரும் ‘வொலுஸ்பா’ என்ற பழைய நார்ஸ் பாடலில் உள்ளவை. மூடுபனி மலைகளைக் கடக்கும் பகுதிக்கு 1911இல் சுவிட்சர்லாந்தில் அவர் நடந்த மலைப்பயணம் உதவியது.

படங்களைப் பார்த்தாயிற்று, நாவல் தேவையா?

பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்கள் (2012, 2013, 2014) வேறு கதை சொல்கின்றன. படத்தில் வரும் எல்ஃப் பெண் டாரியல் நாவலில் இல்லை. எல்ஃப் வீரன் லெகோலாஸும் இல்லை. கோப்ளின் அஸாக் நாவலில் பழைய பகையாகப் பேச்சில் வரும் பெயர் மட்டுமே. போருக்குக் கோப்ளின்களை நடத்தி வருவது போல்க். குள்ளர்கள் உருக்கிய தங்கத்தால் டிராகனைத் தாக்குவதும் படத்தின் கற்பனை.

பெரிய வேறுபாடு பில்போவில். முதல் படத்தின் முடிவிலேயே வாளோடு பாய்ந்து தோரினைக் காப்பாற்றி, எல்லோர் முன்னும் பாராட்டு வாங்கிவிடுகிறார். நாவலில் அந்த மாதிரி ஒரு காட்சி கிடையாது. பில்போவாக வரும் மார்ட்டின் ஃப்ரீமனின் நடிப்பு மிக நன்று, குறிப்பாகத் தேநீர் விருந்தில். படம் பார்த்தவர்கள் நாவலை ஐந்தாம், பன்னிரண்டாம், பதினாறாம் அத்தியாயங்களிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை. படங்களில் அதிகம் மாறியிருப்பதும் நாவலில் நன்றாக எழுதப்பட்டிருப்பதும் இவற்றில் நிறையவே உண்டு.